மாடியில் பிஞ்சு நிற்கவில்லை: ஊர் நகரமானதும் பூச்சிகள் செய்த வேலை எங்கே போனது?

சென்னை மேடவாக்கம் பக்கம் மூன்றாவது மாடியில் தோட்டம் வைத்திருக்கிறீர்கள். சில வருடங்களுக்கு முன் சுற்றிலும் காலி மனைகள், இப்போது எல்லாம் அடுக்குமாடி. பூசணியும் சுரையும் பிஞ்சிலேயே மஞ்சளாகி விழுகின்றன, செம்பருத்தியில் மாவுப்பூச்சி ஓயவில்லை, கொசு மட்டும் கூடியிருக்கிறது. நகரமானதால் நல்ல பூச்சிகள் அழிந்துவிட்டனவா, தேனீப் பெட்டி ஒன்று வாங்கி வைத்தால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பூச்சிகள் சும்மா செய்துகொடுத்த வேலைகளில் எது நின்றுபோனது, அதில் எதை ஒரு மாடியிலிருந்தே திரும்பக் கொண்டுவர முடியும் என்பதுதான் இதன் உள்ளே இருக்கும் கேள்வி. நீங்கள் சொன்ன மூன்று தொல்லைகளுக்கும் காரணம் ஒன்றல்ல. அதனால் ஒரே பெட்டியால் மூன்றும் தீராது.

நிச்சயமாகச் சொல்லக்கூடியதிலிருந்து தொடங்குகிறேன். நகரமாதல் எல்லாப் பூச்சிகளையும் ஒரே அளவில் குறைப்பதில்லை. சிலவற்றை வெளியேற்றுகிறது, சிலவற்றைப் பெருக்குகிறது. ஜெர்மனியில் ஒன்பது நகரங்களையும் அவற்றை ஒட்டிய கிராமப்புறங்களையும் ஒப்பிட்டு 2020-இல் வெளிவந்த ஆய்வில் ஈக்கள், வண்ணத்துப்பூச்சிகள், அந்துப்பூச்சிகள் ஆகியவற்றின் வகைகள் நகரத்தில் தெளிவாகக் குறைந்திருந்தன. தேனீக்களின் வகைகளோ நகரத்தில் அதிகம். சோதனைக்காக வைத்த தொட்டிச் செடிகளுக்கு மகரந்தச்சேர்க்கையும் நகரத்தில்தான் நன்றாக நடந்தது. ஒரே பயிரும் பூச்சிக்கொல்லியுமாக இருக்கும் வயல்வெளியைவிட, ஏதாவது ஒன்று பூத்துக்கொண்டே இருக்கும் நகரத் தோட்டம் தேனீக்கு மேலான இடமாக இருக்கலாம். பிரிட்டனில் பிரிஸ்டல், லீட்ஸ், ரெடிங், எடின்பரோ நகரங்களில் செய்த ஆய்வும் (2019) வீட்டுத் தோட்டங்களும், பலர் பங்குபோட்டுக் காய்கறி வளர்க்கும் நிலங்களும்தான் மகரந்தச்சேர்க்கைப் பூச்சிகளின் முக்கிய இருப்பிடம் என்று காட்டியது. ஆகவே, நகரம் என்றாலே பூச்சி இல்லை என்ற முடிவுக்கு வந்துவிட வேண்டாம்.

ஒரு பூச்சி எங்கே முட்டையிடுகிறது, எவ்வளவு தூரம் பறக்கிறது, எதைத் தின்கிறது என்று தெரிந்தால், நகரத்தில் அது தங்குமா போகுமா என்பதை ஓரளவு சொல்லிவிடலாம். உலகில் சுமார் 20,000 வகைத் தேனீக்கள் உள்ளன. பெரும்பாலானவை கூட்டமாக வாழ்வதில்லை. ஏறக்குறைய 70 சதவீத வகைகள் மண்ணில் வளை தோண்டித்தான் முட்டையிடுகின்றன. காலி மனைக்கு சிமெண்ட் போட்டு, நடைபாதைக்கு பேவர் பிளாக் பதித்து, மரத்தடியையும் மூடிவிட்டால் அவற்றுக்கு வீடு போய்விடும். மலைத்தேனீ பல கிலோமீட்டர் பறக்கும், உயரமான கட்டடத்திலேயே அடை கட்டும், அதனால் சமாளிக்கிறது. சிறிய தனித் தேனீக்களோ பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள்தான் உணவு தேடும். இடையில் பூவே இல்லாத இரண்டு தெரு வந்தால் அவற்றுக்கு அதுவே எல்லை. உங்கள் சுற்றுப்புறத்துக் காலி மனைகளில் மூக்குத்திப் பூண்டும் தும்பையும் நாயுருவியும் முளைத்துக் கிடந்திருக்கும். நம் கண்ணுக்கு அது களை. அந்தச் சிறு தேனீக்களுக்கு அதுதான் சாப்பாடும் வீடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மேலே சொன்ன ஆய்வுகள் குளிர்நாட்டு நகரங்களில் நடந்தவை. இத்துறையில் வெப்பமண்டல நகரங்களைப் பற்றிய ஆய்வுகள் குறைவு. அந்த முடிவுகளை அப்படியே சென்னைக்குப் பொருத்துவது சரியல்ல. அங்கே நகரத்து வெப்பம் சில பூச்சிகளுக்கு இதமாக அமையும். இங்கே ஏப்ரல், மே மாதங்களில் அதே கூடுதல் வெப்பம் தாங்கும் எல்லையைத் தாண்டிவிடும். நம் பக்கத்தில் நடந்தவற்றில் முக்கியமானது பெங்களூரு ஆய்வு (2020). காற்று மாசு வெவ்வேறு அளவில் இருக்கும் இடங்களில் பூவுக்கு வந்த மலைத்தேனீக்களைப் பிடித்துப் பார்த்தார்கள். மாசு மிதமாகவும் கடுமையாகவும் இருந்த இடங்களில் பிடித்தவற்றில் 80 சதவீதத்துக்கு மேல் 24 மணி நேரத்துக்குள் இறந்துவிட்டன. அந்த இடங்களில் பூவுக்கு வருகையும் குறைவு, தேனீக்களின் உடம்பில் தூசித் துகள் படிந்திருந்தது. நன்றாகப் பறந்து நகரத்தைச் சமாளிக்கும் வகைக்கே இந்த நிலை. கண்ணில் படுகிறது என்பதாலேயே அது நலமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

இனி உங்கள் பூசணி. பிஞ்சு உதிர்வதற்குத் தேனீ இல்லாமை ஒரு காரணம்தான். செடியை நேரில் பார்க்காமல் இதுதான் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நீங்களே ஒரு வாரத்தில் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அடுத்தடுத்து மலரும் பெண்பூக்களில் (அடியில் குட்டிப் பிஞ்சோடு இருப்பவை) ஐந்துக்குக் கையால் மகரந்தம் சேருங்கள். ஐந்தை அப்படியே விடுங்கள். இரண்டு வகைக்கும் வேறு வேறு நிற நூல் கட்டி, ஆறேழு நாள் கழித்துப் பாருங்கள். கையால் சேர்த்தவை பருத்து, விட்டவை மஞ்சளானால் குறை பூச்சியில். இரண்டுமே விழுந்தால் குறை செடியில்: கடும் வெயில், வேருக்கு இடம் போதாத பை, தண்ணீர் ஒருநாள் அதிகம் ஒருநாள் குறைவு, அல்லது தழைச்சத்து கூடிப்போய்க் கொடி மட்டும் ஓடுவது. ஒரு கொடியில் ஏற்கெனவே இரண்டு காய் வளர்ந்துகொண்டிருந்தால் மூன்றாவதைக் கொடியே கழித்துவிடும், அது இயல்பு. விழுந்த பிஞ்சுகளையும் குறுக்கே வெட்டிப் பாருங்கள். மகரந்தம் கிடைக்காத பிஞ்சு பூ மலர்ந்த மூன்று முதல் ஐந்து நாளுக்குள் நுனியிலிருந்து மஞ்சளாகிச் சுருங்கும், உள்ளே சுத்தமாக இருக்கும். மேலே ஊசி குத்தியது போல் புள்ளியும் பிசினும் தெரிந்து, உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தால் அது பழ ஈ. அதற்குத் தேனீயோடு எந்தத் தொடர்பும் இல்லை. அந்தப் பிஞ்சுகளை உரத்தொட்டியில் போடாமல், பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி வெயிலில் வைத்து அழிக்க வேண்டும்.

கையால் சேர்ப்பதில் பலரும் தவறுவது நேரத்தில். பூசணிப் பூ விடியும் முன்பே விரியத் தொடங்கும், பத்து மணிக்குள் வாடிவிடும். காலை ஆறிலிருந்து எட்டுக்குள் வேலை முடிய வேண்டும். பாகலும் வெள்ளரியும் காலைப் பூக்கள்தான். அன்று மலர்ந்த ஆண்பூவைக் காம்போடு பறித்து, இதழ்களைக் கிழித்துவிட்டு, நடுத்தண்டை விரலில் தொட்டுப் பாருங்கள். மஞ்சள் தூள் ஒட்ட வேண்டும். ஒட்டவில்லை என்றால் அந்தப் பூ பயன்படாது. பெண்பூவின் நடுவில் இருக்கும் சூல்முடி மூன்று பிளவாக இருக்கும். மூன்றிலும் படும்படி மெதுவாகத் தேய்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் ஒடுங்கிக் கோணலாகும். ஒரு பெண்பூவுக்கு இரண்டு ஆண்பூ எடுத்துக்கொள்வது நல்லது. மழை நாளில் மகரந்தம் நனைந்தால் கெட்டுவிடும். முந்தைய மாலையே மறுநாள் மலரப்போகும் மொட்டுகளுக்குக் காகித உறை மாட்டி வையுங்கள். கடையில் வாங்கிய வெள்ளரிக்காய் நுனியில் கூம்பிப் போயிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பல நேரங்களில் அதற்கும் மகரந்தக் குறைதான் காரணம். விதையுள்ள வெள்ளரியில் ஒரு பூ நேராகக் காய்க்கத் தேனீ எட்டுப் பத்து முறையாவது வந்துபோக வேண்டும். காலை ஏழு மணிக்கு ஒரு பெண்பூவின் முன் பத்து நிமிடம் உட்கார்ந்து எத்தனை வருகை என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றுகூட வரவில்லை என்றால் விஷயம் தெரிந்துவிடும்.

சுரை, புடலை, பீர்க்கு மூன்றும் வேறு கணக்கு. சாயங்காலம் நாலைந்து மணியிலிருந்து இருட்டும் நேரத்துக்குள் மலர்பவை இவை. சுரைக்கும் புடலைக்கும் வெள்ளைப் பூ, இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளுக்காகவே அமைந்தது. இவற்றுக்குத் தேனீப் பெட்டி வைத்து அதிகப் பயன் இல்லை, ஏனென்றால் தேனீ வீடு திரும்பிய பிறகுதான் பூவே விரிகிறது. நகரத்தில் அதிகம் அடிபடுவதும் இந்த இரவுப் பூச்சிகள்தான். முதல் காரணம் தெருவிளக்கு. சுவிட்சர்லாந்தில் இருட்டாக இருந்த புல்வெளிகளில் தெருவிளக்கு வைத்துப் பார்த்த சோதனையில் (2017) இரவுப் பூச்சிகளின் பூ வருகை 62 சதவீதம் குறைந்தது. பகல் பூச்சிகள் தாராளமாக வந்தும், ஆராய்ந்த செடியில் காய்ப்பு 13 சதவீதம் குறைந்தது. பகல் கூட்டத்தால் இரவு வேலையை ஈடுகட்ட முடியவில்லை. உங்கள் மாடியில் வெள்ளை எல்.இ.டி. விளக்கு எரிந்தால், சுரை பூக்கும் மாதங்களில் மாலையிலிருந்து அணைத்து வையுங்கள். விளக்கு வேண்டியே தீரும் என்றால் மஞ்சள் ஒளி பல்பை, வெளிச்சம் தரையில் மட்டும் விழும்படி மூடி போட்டு வையுங்கள். தெருவிளக்கு நேராகப் பந்தலில் அடித்தால் இந்த மூன்று கொடிகளையும் மறைவான பக்கத்துக்கு மாற்றுங்கள். காய்ப்பு எவ்வளவு கூடும் என்று எண்ணில் சொல்ல இயலாது. அதுவரை மாலை ஆறு மணிக்குக் கையால் சேர்ப்பது உறுதியான வழி.

கத்தரி, தக்காளி, மிளகாய் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அடுத்து அதுதான் வரும் என்பதால் சொல்லிவிடுகிறேன். இவை தன் பூவிலேயே காய்க்கக்கூடியவை. கத்தரிக்கும் தக்காளிக்கும் மகரந்தம் மூடிய குழல் போன்ற பையில் இருக்கும். அதை அதிரவைத்தால்தான் தூள் கொட்டும். நாம் பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு அப்படி அதிரவைக்கத் தெரியாது. கருவண்டு என்று நாம் சொல்லும் பெரிய மரத்துளைத் தேனீயும், வயிற்றில் நீலப் பட்டை உள்ள தேனீயும் பூவைப் பிடித்துக்கொண்டு இறக்கைத் தசையை ரீங்கரித்து உதிர்க்கும். முதலாவதற்குக் காய்ந்த மரமும் மூங்கிலும் வேண்டும், இரண்டாவதற்கு மண்ணோ சுண்ணாம்புக் காரை உதிர்ந்த பழைய சுவரோ வேண்டும். பட்டுப்போன கிளையை உடனே வெட்டிவிடுகிறோம், சுவருக்குப் பூச்சு பூசிவிடுகிறோம், இரண்டுக்கும் இடம் இல்லாமல் போகிறது. முருங்கையில் காய் குறைந்தாலும் இந்தக் கருவண்டைத்தான் முதலில் தேட வேண்டும். மாற்று எளிது: காலை எட்டிலிருந்து பத்துக்குள் பூங்கொத்தின் காம்பில் மின்சாரப் பல்துலக்கியின் பின்பக்கத்தை ஓரிரு வினாடி வையுங்கள், அல்லது விரலால் சுண்டிவிடுங்கள். ஆனால் பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் புழுங்கினால் தக்காளியின் மகரந்தமே மலடாகிவிடும். கோடையில் தக்காளிப் பூ உதிர்வதற்குத் தேனீயைக் குற்றம் சொல்வதில் நியாயம் இல்லை. 50 சதவீத நிழல்வலை அங்கே அதிகம் உதவும்.

கையால் சேர்ப்பது முதலுதவிதான். பூச்சியைத் திரும்ப வரவைக்க உணவு, வீடு, விஷமின்மை மூன்றும் சேர வேண்டும். உணவுக்கு, வருடம் முழுக்க இடைவெளி விழாமல் பூ இருக்க வேண்டும். துளசி, திருநீற்றுப்பச்சிலை இரண்டையும் நுனி கிள்ளாமல் பூக்க விடுங்கள். கொத்தமல்லியை மூன்று வாரத்துக்கு ஒரு தொட்டி என்று விதைத்து, ஒவ்வொன்றிலும் பாதியை அறுக்காமல் பூக்கவிடுங்கள். அதன் சிறு பூக்கள் குட்டைநாக்குள்ள ஈக்களுக்கும், பிற பூச்சிகளின் உடம்பில் முட்டையிட்டு அவற்றைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவிகளுக்கும் எட்டும். இதழ் அடுக்கடுக்காக இருக்கும் கலப்பினச் செவ்வந்தி, அடுக்குச் செம்பருத்தி போன்றவை பார்க்க அழகு, பூச்சிக்கு அவற்றில் கிடைப்பது சொற்பம். வீட்டுக்கு, 15 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு முனை கணுவால் அடைபட்ட மூங்கில் துண்டுகளை, உள்விட்டம் 4 மில்லிமீட்டரிலிருந்து 10 மில்லிமீட்டர் வரை கலந்து ஒரு கட்டாகக் கட்டி, கிழக்கு பார்த்து, மழை படாத இடத்தில், ஆடாமல் பொருத்துங்கள். இலைவெட்டித் தேனீ ரோஜா இலையில் வட்டமாக நறுக்கிக்கொண்டு போய் அதில் அறை கட்டும். இலை ஓட்டையைப் பார்த்து மருந்தடிக்கக் கிளம்ப வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை பழைய மூங்கிலை மாற்றாவிட்டால் உண்ணியும் பூஞ்சையும் சேர்ந்து, உதவி செய்யப்போய்க் கெடுதலாகிவிடும். மண்ணில் வளை தோண்டுபவற்றுக்கு 60 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டராவது ஆழமும் உள்ள தொட்டியில் செம்மண்ணும் மணலும் கலந்து இறுக்கி, செடி நடாமல், தண்ணீர் ஊற்றாமல் வெயிலில் விடலாம். ஆனால் மூன்றாம் மாடித் தொட்டிக்கு அவை வருமா என்பது சந்தேகமே. தரைத்தளத்தில் சிமெண்ட் போடாத ஒரு மீட்டர் அகல வெறும்மண் கிடைத்தால் அதற்குப் பலன் அதிகம்.

மாவுப்பூச்சியில் கதை தலைகீழ். அங்கே பூச்சி குறைந்ததல்ல பிரச்சினை. இலைச்சாறு உறிஞ்சும் பூச்சிகள் நகரத்தில் பெருகுகின்றன, அவற்றைத் தின்னும் பூச்சிகளால் ஈடுகொடுக்க முடிவதில்லை. அமெரிக்காவில் ராலே நகரத்தில் தெரு ஓரத்து ஓக் மரங்களைப் பார்த்தபோது, நகரத்தின் சூடான பகுதிகளில் செதில் பூச்சி 13 மடங்கு அதிகம் இருந்தது. சிமெண்டும் தாரும் உமிழும் சூட்டில் அவை வேகமாகவும் அதிகமாகவும் பெருகுகின்றன. மாடித் தளத்தின் சூடு எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதோடு தூசியும் சேரும். கட்டட வேலைத் தூசி இலையில் படிந்தால் பொறிவண்டும் ஒட்டுண்ணிக் குளவியும் இரையைத் தேடித் திரிவது தடைப்படும். மூன்றாவது காரணம் எறும்பு. மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், எதிரியை விரட்டும், புதுச் செடிக்குத் தூக்கிக்கொண்டும் போகும்.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் எறும்பு, அடுத்து தூசி, கடைசியில் மருந்து. பைகள் இருக்கும் ஸ்டாண்டின் கால்களில் கிரீஸ் தடவுங்கள், அல்லது கிண்ணத்தில் தண்ணீர் வைத்து அதில் கால்களை நிறுத்துங்கள். தண்ணீர் வைத்தால் மேலே ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் அதுவே கொசுவுக்குத் தொட்டில். சுவரிலோ கம்பியிலோ கிளை தொட்டால் எறும்புக்குப் பாலம் கிடைத்துவிடும், வெட்டிவிடுங்கள். வாரம் இருமுறை காலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். பாதி மாவுப்பூச்சி இதிலேயே போகும், தூசியும் போகும். அப்படியும் மிஞ்சினால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கலங்கிச் சேர ஒரு மில்லி திரவ சோப்பு. வெயில் தாழ்ந்தபின், பூக்களை விட்டுவிட்டு, பூச்சி இருக்கும் கிளையில் மட்டும் அடியுங்கள். வேப்பெண்ணெய் நாட்டு மருந்து, யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று நினைத்துத் தோட்டம் முழுக்க வாரம் தவறாமல் அடிப்பவர்கள் உண்டு. எண்ணெயும் சோப்பும் மென்மையான உடம்புள்ள எதையும் மூச்சடைக்க வைக்கும், நல்ல பூச்சியின் புழுவும் அதில் சேர்த்தி. இமிடாக்ளோபிரிட் போன்ற, செடிக்குள் ஊடுருவும் மருந்துகளைப் பூக்கும் செடிக்குத் தரவே கூடாது. வேரில் ஊற்றினாலும் மகரந்தத்துக்கும் தேனுக்கும் போய்ச் சேரும். ஐரோப்பிய ஒன்றியம் இந்த வகையில் மூன்று மருந்துகளைத் திறந்தவெளிப் பயிர்களில் 2018-இல் தடை செய்ததற்குத் தேனீக்கான ஆபத்துதான் காரணம்.

மருந்தடிக்கும் முன் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மாவுப்பூச்சிக் கூட்டத்தின் நடுவே, அதைவிடப் பெரிதாக, ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் நீளமாக, வெள்ளை மெழுகு இழைகள் தொங்க வேகமாக நகரும் ஒன்றைப் பார்த்தால் அது மாவுப்பூச்சி அல்ல. அதைத் தின்னும் பொறிவண்டின் புழு. 1898-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட வகை, இன்று உயிரியல் கட்டுப்பாட்டுக்காக வளர்த்தும் தருகிறார்கள். பெரிய மாவுப்பூச்சி என்று நினைத்து முதலில் நசுக்கப்படுவது இதுதான். அசுவினிக் கூட்டத்துக்குள் காலில்லாமல், பச்சையாக, அட்டை போல் ஊரும் புழு பூ ஈயினுடையது. அது நாளுக்குப் பல அசுவினிகளைத் தின்னும். அசுவினிகளில் சில உப்பிப் பழுப்பு நிறமாகி, முதுகில் வட்ட ஓட்டையோடு அசையாமல் இருந்தால் ஒட்டுண்ணிக் குளவி வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள். இவற்றில் ஏதாவது ஒன்று தென்பட்டாலும் ஒரு வாரம் மருந்தை நிறுத்தி வையுங்கள். மஞ்சள் ஒட்டுப்பொறியை வருடம் முழுக்கத் தொங்கவிடுவதும் நல்லதல்ல. வெள்ளை ஈயோடு பூ ஈயும் குளவியும் அதில் ஒட்டிச் சாகும். வெள்ளை ஈ வந்துவிட்டதா என்று பார்க்க ஒன்று போதும்.

அந்தக் கடுகளவுக் குளவி என்ன செய்யும் என்று சந்தேகம் வரலாம். பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று தமிழ்நாடு முழுக்கப் பரவி, மருந்துக்கு அடங்கவில்லை. 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்துப் பெருக்கி வெளியிட்டபின், சில மாதங்களில் அது பெரும்பாலான இடங்களில் அடங்கியது.  உங்கள் குடியிருப்புத் தென்னைகளில் ஓலைக்கு அடியில் வெள்ளைச் சுருளும் கீழே கரும்பூசணமும் இருந்தால் அது 2016-இல் பொள்ளாச்சியில் முதலில் தெரிந்த சுருள் வெள்ளை ஈ. அதற்கும் இயற்கையாகவே ஒட்டுண்ணி இருக்கிறது. தண்ணீர் பீய்ச்சுங்கள். கரும்பூசணத்துக்கு ஒரு லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் காய்ச்சி ஆறவைத்த கஞ்சியைத் தெளித்தால் காய்ந்து செதிலாக உரிந்து விழும். தென்னைக்குப் பூச்சிக்கொல்லி அடித்தால் ஒட்டுண்ணிதான் முதலில் சாகும்.

கொசுவுக்கு வருவோம். தட்டான்கள் குறைந்ததால் கொசு கூடியது என்று பரவலாகச் சொல்கிறார்கள். இதில் பாதிதான் உறுதி. தட்டானின் இளம்புழு தண்ணீரில் வாழ்ந்து கொசுப்புழுவைத் தின்பது உண்மை. பள்ளிக்கரணை போன்ற சதுப்பும் ஏரியும் சுருங்கி, மிஞ்சியதில் கழிவுநீர் சேரும்போது தட்டான் வகைகள் குறைவதும் உண்மை. பள்ளிக்கரணைக்கு 2022-இல் ராம்சார் தகுதி (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற அங்கீகாரம்) கிடைத்தபோது அதன் பழைய பரப்பில் பெரும்பகுதி போய்விட்டிருந்தது. கழிவுநீரில் உயிர்வளி இருக்காது. தட்டான் புழு, நீர்வண்டு எல்லாம் மூச்சுத் திணறிச் சாகும். மேலே குழல் நீட்டி மூச்சுவிடும் க்யூலெக்ஸ் கொசுப்புழு மட்டும் எதிரியே இல்லாமல் பெருகும். சாக்கடைக் கொசுவுக்கு இந்த விளக்கம் பொருந்தும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் பொருந்தாது. அது வளர்வது குரோ பேக் தட்டு, உடைந்த வாளி, ஃபிரிட்ஜ் பின்னாலிருக்கும் தட்டு போன்ற சின்னச் சின்ன நல்ல தண்ணீரில். ஏரியில் எத்தனை தட்டான் இருந்தாலும் இந்தத் தட்டுகளில் வந்து வாழாது, ஏனென்றால் தட்டான் புழுவுக்கு வாரக்கணக்கில் தண்ணீர் நிற்க வேண்டும். ஏடிஸ் முட்டையிலிருந்து கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். ஆகவே தட்டுகளை வாரம் ஒருமுறை கவிழ்த்து, உள்சுவரை நாரால் தேய்த்துக் கழுவுங்கள். வெறுமனே கொட்டினால் போதாது. சுவரில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். மேல்நிலைத் தொட்டியின் மூடியும், நிரம்பி வழியும் குழாயின் வாயும் வலையால் மூடியிருக்க வேண்டும். மலேரியா பரப்பும் நகரத்துக் கொசு அந்தத் தொட்டிகளிலும் கிணறுகளிலும்தான் வளர்கிறது.

அல்லித் தொட்டி போலக் கொட்ட முடியாத தண்ணீர் இருந்தால் உள்ளூர் மீன் விடுங்கள், அல்லது பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்தைப் பொட்டலத்தில் சொல்லியுள்ள அளவில் போடுங்கள். அது கொசுப்புழுவையும் அதன் நெருங்கிய உறவுகளையும் மட்டுமே கொல்லும், தட்டான் புழுவைத் தொடாது. புகையடிப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. டெங்கு நோயாளி இருக்கும் வீட்டைச் சுற்றி உடனடியாகச் செய்வதற்கு ஒரு நியாயம் உண்டு. ஆனால் ஏடிஸ் பெரும்பாலும் வீட்டுக்குள் மறைவான இடங்களில் ஒதுங்கியிருக்கும், பகலில் கடிக்கும். தெருவில் மாலையில் போகும் புகை அதற்கு எட்டுவதைவிட, அந்த நேரம் வெளியே பறக்கும் அந்துப்பூச்சிக்கும் சிறு குளவிக்கும்தான் அதிகம் எட்டும். குடியிருப்பில் மாதம் ஒருமுறை வழக்கமாகப் புகை போடுகிறார்கள் என்றால், உங்கள் சுரைப் பிஞ்சு உதிர்வதையும் மாவுப்பூச்சியையும் அதோடு சேர்த்துப் பாருங்கள்.

மட்க வைக்கும் வேலையில் நகரத்துப் பூச்சிகள் நன்றாகவே நிற்கின்றன. நியூயார்க்கின் மன்ஹாட்டனில் சாலை நடுத்திட்டுகளில் வாழும் எறும்புகளும் பிற சிற்றுயிர்களும், இரண்டு சாலைகளில் மட்டும் வருடத்துக்கு சுமார் 60,000 ஹாட் டாக் அளவுக்குச் சிந்திய உணவைத் தின்று தீர்க்கக்கூடும் என்று 2015-இல் கணக்கிட்டார்கள். பூங்காவைவிட நடுத்திட்டில்தான் வேகம் அதிகம். வகைகள் குறைந்த இடத்திலும் ஒரு வேலை நடந்துகொண்டே இருக்கலாம் என்பதற்கு இது நல்ல சான்று. உங்கள் சமையலறைக் கழிவுத் தொட்டியில் பழுப்பு நிறத்தில், தட்டையாக, வரிவரியாகப் புழு வந்தால் அது பெரும்பாலும் கறுப்புப் படைவீரன் ஈயின் புழு. அதன் ஈ உணவில் மொய்ப்பதில்லை, நோய் பரப்புவதாகவும் அறியப்படவில்லை. புழு இருக்கும் தொட்டியில் வீட்டு ஈ முட்டையிடுவது குறையும். கொல்ல வேண்டாம். நாற்றம் வந்தால் ஒரு பங்கு கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலையோ தேங்காய் நார்த்தூளோ சேர்த்து ஈரத்தைக் குறையுங்கள்.

கடைசியாகத் தேனீப் பெட்டி. வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. சுரைக்கும் கத்தரிக்கும் அது உதவாது என்று மேலே சொன்னேன். பூசணிக்கும் பாகலுக்கும் உதவும். ஆனால் ஒரு பெட்டித் தேனீக்கு உங்கள் மாடிப் பூ ஒருநாள் உணவுக்குக்கூடக் காணாது, சுற்றுப்புறம் முழுக்கத் தேட வேண்டும். அங்கே இருக்கும் கொஞ்சப் பூவுக்கும் மிஞ்சியிருக்கும் தனித் தேனீக்களோடு போட்டிபோடும். சுவிட்சர்லாந்தின் 14 நகரங்களில் 2012-க்கும் 2018-க்கும் இடையில் தேன்பெட்டிகள் ஏறக்குறைய மூன்று மடங்கானதைக் கணக்கெடுத்தவர்கள், அத்தனைக்கும் அங்கே பூ இல்லை என்று எச்சரித்தார்கள். அடுக்குமாடியில் கொட்டுகிறது என்ற புகாரும் சீக்கிரமே வரும், கடைசியில் யாராவது மருந்தடிப்பார்கள். அதற்குப் பதில், கொட்டாத கொசுத்தேனீ உங்கள் கட்டடத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள். மீட்டர் பெட்டி, சுவர் விரிசல், பழைய குழாய் ஆகியவற்றிலிருந்து மெழுகும் பிசினும் கலந்த சின்னக் குழல் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் உள்ளே அதன் கூடு இருக்கிறது. பெயிண்ட் அடிப்பவரிடம் அந்தத் துளையை மட்டும் அடைக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். வெள்ளரிக்கும் பாகலுக்கும் அவை வரும், மாம்பூவுக்கும் வரும்.

உங்கள் குடியிருப்புச் சங்கத்திடம் கேட்பதானால் மூன்றைக் கேளுங்கள். ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் ஒரு மீட்டர் சதுரம் பேவர் பிளாக்கை எடுத்து மண்ணைத் திறந்துவிடுவது, மதில் ஓரம் ஒரு பட்டையில் களையை விதை கட்டும்வரை வெட்டாமல் விடுவது, தேதி வைத்துப் புகையடிப்பதை நிறுத்திக் கொசுப்புழு கண்ட இடத்தில் மட்டும் நடவடிக்கை எடுப்பது. ஒட்டுண்ணிகளும் பொறிவண்டும் மருந்து நின்ற இரண்டு மூன்று மாதத்தில் தலைகாட்டும் என்று எதிர்பார்க்கலாம். மண்ணில் வாழும் தேனீக்கள் வர ஒன்றிரண்டு வருடம் ஆகும், பக்கத்தில் எங்குமே மிஞ்சியிருக்காவிட்டால் வராமலும் போகலாம். அதுவரை பூசணிக்குக் காலை ஆறு மணி, சுரைக்கு மாலை ஆறு மணி. ஐந்துக்கு ஐந்து சோதனையின் முடிவையும், வெட்டிப் பார்த்த பிஞ்சின் உள்ளே என்ன இருந்தது என்பதையும் எழுதினால் அடுத்து என்ன செய்வது என்று இன்னும் துல்லியமாகச் சொல்ல முடியும்.